சமீபத்தில் படித்தவை: வேலை நடக்கும் நாவல்கள்

ஓய்வுநேர வாசகன்:

நான் பெரிய படிப்பாளி கிடையாது. தூக்கம் வரும்வரை கொஞ்சம், பயணத்தில் கொஞ்சம் என்று படிக்கிறவன். பட்டியல் போட்டுப் படிக்கும் பழக்கமில்லை. கையில் அகப்பட்டதைப் படிப்பேன், ஒட்டவில்லை என்றால் பாதியில் மூடி வைத்துவிடுவேன். அண்மையில் படித்தவற்றை மேசைமேல் அடுக்கி வைத்தபோது ஒரு விஷயம் உறைத்தது. முடித்த புத்தகங்கள் எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு வேலையை விடாமல் செய்துகொண்டிருக்கிறார். பாதியில் விட்டவற்றில் எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் சா. கந்தசாமியின் ‘சாயாவனம்’. 1969இல் வந்தது. கதை என்று கேட்டால் இரண்டு வரிதான். வெளிநாட்டில் இருந்துவிட்டுப் பணத்தோடு திரும்பும் சிதம்பரம் ஒரு வனத்தை வாங்கி, அதை அழித்து, கரும்பாலை கட்டுகிறான். நாவலில் முக்கால்வாசி அந்த அழிக்கும் வேலைதான். அரிவாளோடு அவனே இறங்குகிறான். கொடி, முள், புதர், மறுபடியும் கொடி. வெட்டி மாளாது என்று தெரிந்ததும் தீயிடம் போகிறான். காட்டை அழிப்பது பாவம் என்று ஆசிரியர் எங்கேயும் நின்று சொல்வதில்லை. வேலை மும்முரத்தில் நாமும் அவனோடு சேர்ந்துகொண்டு, ‘அந்தப் பக்கம் இன்னும் பாக்கி இருக்கிறதே’ என்று நினைக்கத் தொடங்கிவிடுகிறோம். பொல்லாத எழுத்து. புளியமரங்களும் போனபிறகு ஊர்ச் சமையலுக்குப் புளி எங்கே என்ற கேள்வி வரும்போதுதான் நாம் யார் பக்கம் நின்றுகொண்டிருந்தோம் என்பதே தெரிகிறது.

அடுத்து அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. கணையாழியில் தொடராக வந்து 1973இல் புத்தகமான நாவல். ஜமுனா, அவள் தங்கை சாயா, பக்கத்தில் ஒரு டீச்சரம்மா. சென்னையின் தண்ணீர்ப் பஞ்சம். குடம், வரிசை, அடிபம்பு, தோண்டிப்போட்ட தெரு, குழாயில் வரும் தண்ணீரில் சாக்கடை நாற்றம். ஜமுனாவின் வாழ்க்கையே சிக்கிக் கிடக்கிறது. ஆனாலும் காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு போய் நின்றாக வேண்டும். அவள் மனம் மாறுவதை ஆசிரியர் பக்கம் பக்கமாக விளக்குவதில்லை. அவள் தண்ணீருக்கு அலையும் விதம் மாறுகிறது, அவ்வளவுதான். நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும். மெல்லிய புத்தகம், ஓரிரு இரவில் முடிந்துவிடும்.

ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றியது. அவர் அந்தந்த இடத்துக்கு நேரில் போய், மக்களோடு பேசி, விவரம் சேகரித்து எழுதியவர். அது வரிக்கு வரி தெரிகிறது. உப்பின் வெண்மையில் வெயில் பட்டுக் கண் கூசுவது, உப்புநீரில் நின்று நின்று காலில் விழும் புண், அதே காலோடு மறுநாளும் அளத்துக்குப் போவது. பிற்பகுதியில் ஆட்கள் பேச ஆரம்பித்தால் மேடைப் பேச்சு வாடை அடிக்கிறது என்பது என் அபிப்பிராயம். பாத்தியில் நிற்கும்வரை அந்த நாவலை அசைக்க முடியாது.

கடைசியாக, தாராசங்கர் பந்த்யோபாத்யாயின் ‘ஆரோக்கிய நிகேதனம்’. வங்காளி நாவல், த.நா. குமாரஸ்வாமியின் தமிழில். 1956இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நாடி பார்த்தே மரணம் எப்போது வரும் என்று சொல்லிவிடும் ஜீவன் மஷாய் என்ற கிழ வைத்தியர். எதிரில் பிரத்யோத் என்ற இளம் ஆங்கில மருத்துவர். பழையதா புதியதா என்ற சண்டையை எதிர்பார்த்துப் போனேன். எனக்குக் கிடைத்தது ஒரு மணிக்கட்டும் மூன்று விரல்களும். அவர் கண்ணை மூடிக்கொண்டு நாடியைக் கேட்கும் இடங்களை எல்லாம் திரும்பத் திரும்பப் படித்தேன். தன் மகனின் நாடியிலேயே அதைக் கண்டு, கண்டதை மறைக்காமல் சொல்லும் இடம் இருக்கிறதே, அன்றைக்கு அதற்குமேல் படிக்க முடியவில்லை.

காதல், துரோகம், குடும்பச் சண்டை எல்லாம் எந்த நாவலிலும் இருக்கும். ஒரு மனிதன் எப்படிப்பட்டவன் என்று எனக்குப் பிடிபடுவது அவன் வேலை செய்யும்போதுதான். இந்த வகையில் வேறு என்ன படிக்கலாம்? மறுப்பு இருந்தாலும் சொல்லுங்கள்.

முன்னட்டை:

கரைந்த நிழல்கள். யோசிக்கவே வேண்டாம்.

அதுவும் அசோகமித்திரன்தான். சினிமா எடுப்பவர்களைப் பற்றியது. திரையில் தெரிகிறவர்கள் அல்ல, வண்டி ஏற்பாடு செய்கிறவன், ஆட்களை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போகிறவன், பாக்கிக்காரர்களுக்குப் பதில் சொல்கிறவன். தயாரிப்பு நிர்வாகி நடராஜன் வெளிப்புறப் படப்பிடிப்புக்கு ஆள் சேர்க்கும் ஆரம்பப் பகுதியைப் படித்துப் பாருங்கள். அதிகாலையில் ஒவ்வொரு இடமாகப் போய் ஒவ்வொரு தலைவலியாகத் தீர்ப்பார். பெரிய சம்பவம் ஒன்றும் கிடையாது. ஆனால் மூச்சு வாங்கும். ஆசிரியர் ஜெமினி ஸ்டுடியோவில் பல வருஷம் வேலை பார்த்தவர், அதனால் வெளியே நின்று எட்டிப் பார்க்கிற எழுத்தாக இல்லை.

இன்னொன்று, நாவலில் யாரும் நிலையாகக் கதாநாயகன் ஆவதில்லை. ஒருவர் வேலை முடிந்ததும் கதை அடுத்த ஆளிடம் போய்விடுகிறது. அந்த நடராஜன் பிறகு என்ன ஆகிறார் என்பதை நான் சொல்லமாட்டேன்.

நடுநிசி:

எல்லாம் சரி. எனக்கு ஒரு மறுப்பு இருக்கிறது, கேட்டீர்களே என்று சொல்கிறேன்.

நான் லேத் பட்டறையில் வருஷக்கணக்கில் நின்றவன். வேலையை ரசிக்கிறேன் என்று வாசகர்கள் சொல்லும்போது எனக்கு லேசாக எரிச்சல் வரும். உப்பளத்தில் கண் கூசுவது உங்களுக்கு நுணுக்கமான விவரம். அங்கே நிற்பவளுக்கு அது கண் போவது. ‘கைத்திறன்’, ‘ஈடுபாடு’ என்பதெல்லாம் பெரும்பாலும் வேலை செய்யாதவர்கள் கண்டுபிடித்த வார்த்தைகள்.

பூமணியின் ‘பிறகு’ படித்திருக்கிறீர்களா? 1979இல் வந்தது. அழகிரி சக்கிலியர். தோல் வேலை தெரிந்தவர் தேவை என்று ஒரு ஊர் அவரைக் கொண்டுவந்து குடிவைக்கிறது. மாடு கட்டி நீர் இறைக்கும் கமலைக்குத் தோல் தைக்க வேண்டும், செருப்பு தைக்க வேண்டும். ஆள் கெட்டிக்காரர், நிதானமானவர், ஊரில் அவர் கைபடாமல் ஒன்றும் நடக்காது. சரி, அதனால் அவருக்கு என்ன கிடைத்தது? எங்கே உட்கார வைத்தார்களோ அங்கேயேதான். நாடு விடுதலை அடைந்து வருஷங்கள் ஓடுகின்றன, அவர் இடம் மாறவில்லை. நீங்கள் சொல்கிற மாதிரி வேலையை வைத்து மனிதனைப் புரிந்துகொள்வது இருக்கட்டும். அந்த வேலையை ஏன் அந்த மனிதன்தான் செய்ய வேண்டியிருக்கிறது? அதை முதலில் கேட்க வேண்டாமா?

ஓய்வுநேர வாசகன்:

கேட்கத்தான் வேண்டும். ஆனால் நாவல் அந்தக் கேள்வியை எனக்குள் எப்படி இறக்குகிறது என்பதைத்தான் சொல்கிறேன். ‘சாதி ஒழிக’ என்று ஒரு பாத்திரம் பேசினால் நான் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவேன். தோல் தைப்பதில் அவ்வளவு கெட்டிக்காரர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு, அவரை ஒருவன் சாதாரணமாக ‘ஏலே’ என்று கூப்பிட்டால் எனக்குச் சுருக்கென்கிறது. வேலையை அருகில் காட்டாமல் அந்தச் சுருக் வராது. ரசிக்கிறேன் என்றால் அழகு பார்க்கிறேன் என்று அர்த்தமில்லை.

‘பிறகு’ இன்னும் படிக்கவில்லை. எடுத்துக்கொள்கிறேன். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ முன்பு படித்தேன், 1994இல் வந்த நாவல். அதில் வரும் ஆரோக்கியமும் நீங்கள் சொல்லும் அழகிரி மாதிரிதான் தெரிகிறாள். தலித் குடியிருப்புக்கே துணி வெளுக்கும் வண்ணாத்தி. ஊர் அழுக்கைத் துவைக்கிறாள், பிரசவம் பார்க்கிறாள், சாவுக்கு நிற்கிறாள், ராத்திரியில் வீடு வீடாகப் போய்ச் சோறு எடுக்கிறாள். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியாமல் இருக்காது. அவள் இல்லாமல் அந்த ஊருக்குப் பிறப்பும் இல்லை சாவும் இல்லை, ஆனால் களத்தில் தானியம் அளக்கிற நேரத்தில் மட்டும் எல்லோருக்கும் கை குறுகிவிடும். அந்தக் களத்துக் காட்சியைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. துணி துவைக்கும் பக்கங்களை முன்னாலேயே படித்திருந்ததால் வந்த கோபம் அது.

நடுநிசி:

அது நியாயம். ஆனாலும் ‘அருகில் காட்டுவது’ எல்லா எழுத்தாளருக்கும் கைவராது. பலபேர் கருவிகளின் பெயரை நாலு பக்கத்துக்கு அடுக்கிவிட்டு, வேலையைக் காட்டிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். லேத்தைப் பற்றி எழுதினால் இரும்புச்சுருள் விழும் சத்தம் மாறுவதை எழுத வேண்டும். சத்தம் மாறினாலே உளி மழுங்குகிறது என்று பட்டறை ஆளுக்குத் தெரியும். யாராவது எழுதியிருந்தால் சொல்லுங்கள், விலை கொடுத்தே வாங்குகிறேன்.

ஓரக்குறிப்பு:

நடுநிசிக்கு ஒரு புத்தகம் இருக்கிறது. தமிழ் இல்லை, இத்தாலி. பிரீமோ லெவி.

வதைமுகாமிலிருந்து உயிரோடு திரும்பியவர் என்றுதான் அவரை எல்லோருக்கும் தெரியும். ஆள் தொழிலால் வேதியியலாளர், பெயின்ட் தொழிற்சாலையில் நீண்டகாலம் வேலை பார்த்தவர். 1975இல் வெளிவந்த ‘தனிம அட்டவணை’யில் மொத்தம் 21 அத்தியாயங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிமத்தின் பெயர். குரோமியம் என்ற அத்தியாயத்தில் ஒரு செய்தி வரும். ஆளிவிதை எண்ணெயைக் காய்ச்சி வார்னிஷ் செய்கிறவர்கள் கடைசியில் அதில் இரண்டு துண்டு வெங்காயம் போட வேண்டும் என்று ஒரு பழைய செய்முறைப் புத்தகம் சொல்கிறது. எதற்கென்று எழுதவில்லை. விசாரித்தால், வெப்பமானி இல்லாத காலத்தில் எண்ணெய் பக்குவம் வந்துவிட்டதா என்று வெங்காயம் பொரிவதை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். வெப்பமானி வந்த பிறகும் வெங்காயம் போகவில்லை, சடங்காக நின்றுவிட்டது.

இதோடு முடியவில்லை. போர் முடிந்த புதிதில் லெவி வேலைக்குச் சேர்ந்த தொழிற்சாலையில் ஒரு பெயின்ட் ஈரல் மாதிரிக் கட்டியாகிக் குவிந்து கிடக்கிறது. பழைய சோதனைக் குறிப்புகளைத் துப்பறிகிறவர் போலத் தோண்டிப் பார்த்து, பிழை எங்கே என்று கண்டுபிடிக்கிறார். கட்டியானதை மீட்க அமோனியம் குளோரைடு சேர்க்கச் சொல்கிறார், பலிக்கிறது. இனி வராமல் இருக்கவும் சேர்க்கச் சொல்கிறார். வருஷங்கள் கழித்து, அந்தப் பிழையான மூலப்பொருள் எல்லாம் தீர்ந்துபோன பிறகும், அந்தச் செய்முறையில் அமோனியம் குளோரைடு போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஏனென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. அவருடைய வெங்காயம் அது. படிக்கும்போது சிரித்துவிட்டேன்.

1978இல் வேலையை மட்டுமே வைத்து ஒரு நாவலும் எழுதினார். பாரந்தூக்கிகளும் இரும்புக் கோபுரங்களும் பொருத்துகிற ஃபவுஸோனே என்ற மெக்கானிக், போன இடமெல்லாம் நடந்ததைக் கதையாகச் சொல்கிறான். போல்ட்டு முறுக்குவதைத் தவிர பெரிதாக ஒன்றும் கிடையாது. அடுத்த வருஷமே இத்தாலியின் ஸ்ட்ரேகா பரிசு கிடைத்தது. நடுநிசி அந்த மெக்கானிக்கோடு நிச்சயம் சண்டை போடுவார். தன் வேலையை நேசிக்கிறவன்தான் சுதந்திரமானவன் என்கிற கட்சி அவன்.

நடுநிசி:

வெங்காயக் கதை அருமை. எங்கள் பட்டறையிலும் எதற்கென்று தெரியாத இரண்டு மூன்று பழக்கம் இருந்தது. மெக்கானிக்கோடு சண்டை உறுதி.

தூசித்தட்டு:

ஒரு பக்கம் கேட்காமலே ஓடிக்கொண்டிருக்கிறதே, நான் குறுக்கே வருகிறேன்.

வேலை வேலை என்கிறீர்கள். இதுவரை வந்தவற்றில் ‘தண்ணீர்’ தவிர எல்லாமே வெளியே போய்ச் செய்கிற வேலை. உப்பு, தோல், எண்ணெய், சினிமா. உலகத்தில் அதிகம் பேர் அதிக நேரம் செய்யும் வேலை வீட்டுக்குள் நடக்கிறது. அது நாவலில் வந்தால் ‘குடும்பக் கதை’ என்று ஒதுக்கிவிடுவீர்கள். மேலே ஒருவர் குடும்பச் சண்டை எந்த நாவலிலும் இருக்கும் என்று தள்ளியதைப் பார்த்தேன்.

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ சிறுகதைதான், நாவல் இல்லை. ராஜஸ்தானில் ஒரு பெரிய குடும்பம். வீட்டுக்குள் எத்தனையோ அறை இருக்க, சமையலறை மட்டும் ஒரு மூலையில், இருட்டாக, வசதியில்லாமல். அதன் ஜன்னலுக்கு வெளியே பச்சை மலைகள் தெரியும். புதிதாக வந்த மருமகள் மீனாட்சி, வெளி வராந்தாவை அகலப்படுத்தலாமே என்று மாமனாரிடம் சொல்கிறாள். அப்புறம் பார்த்தால் அங்கே கொடி கட்டியிருக்கிறார்கள். ஈரப் புடவைகள் காய்கின்றன, மலை மறைந்துவிட்டது. யாரும் யாரையும் திட்டவில்லை, சத்தம் போடவில்லை. அந்த வீட்டின் சட்டம் முழுவதும் அந்த ஒரு கொடிக்கயிற்றில் இருக்கிறது.

சமையலறையில் அதிகாரம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு அதற்குள்ளேயே ஆயுசைத் தொலைத்த பெண்களும் அந்தக் கதையில் இருக்கிறார்கள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டதை ராஜ்ஜியம் என்று நினைத்தவர்கள். எந்த வேலையானாலும் அது கைத்திறனா, பொறியா என்று நடுநிசி கேட்டாரே, அதற்குத் தமிழில் இதைவிடக் கூர்மையாக எழுதியதை நான் படித்ததில்லை.

முன்னட்டை:

அந்தக் கதையைக் கல்லூரிக் காலத்தில் படித்தது. மலை மறைவது மட்டும் இன்னும் நினைவிருக்கிறது. மறுபடி எடுக்க வேண்டும்.

அரைப்பக்கம்:

எனக்கு இந்த விவரமெல்லாம் அளவோடு இருந்தால்தான் ஓடும். ‘மோபி டிக்’ படிக்கப் போய் நான் பட்ட பாடு! 1851இல் எழுதியது. மெல்வில் தானே திமிங்கல வேட்டைக் கப்பலில் போனவர். அதனால் திமிங்கலத்தின் வகைகள், கயிறு, ஈட்டி, கொழுப்பை உருக்கும் அடுப்பு என்று ஒரு அத்தியாயத்துக்கு ஒரு பாடம். கப்பல் நகரவே இல்லை. நான் தாவித் தாவிப் படித்தேன். மன்னிக்கவும், தாவியதில் எனக்கு எந்த நஷ்டமும் தெரியவில்லை.

ஓய்வுநேர வாசகன்:

தாவுவது வாசகனின் உரிமை. ஆனால் கொழுப்பு உருக்கும் அத்தியாயத்தைத் தாவியிருந்தால் போய்ப் படியுங்கள். நடுராத்திரி, கப்பலின் நடுவில் அடுப்பு, எரிபொருளும் அதே திமிங்கலத்தின் வறண்ட கொழுப்புத் துண்டுகள்தான். தன் உடம்பையே எரித்துத் தன்னை உருக்கிக்கொள்ளும் விலங்கு. சுக்கான் பிடித்திருக்கும் கதைசொல்லி இஸ்மாயில் அந்தத் தீயையே பார்த்துக்கொண்டிருந்து கண்ணயர்ந்து, விழித்தபோது திசை புரியாமல் திரும்பி நிற்கிறான். கப்பலே கவிழ்ந்திருக்கும். இது பாடமா?

தூசித்தட்டுக்கு: குடும்பச் சண்டையைத்தான் தள்ளினேன், வீட்டு வேலையை இல்லை. ஆனால் உங்கள் கொடிக்கயிறு சரியான இடத்தில் விழுந்தது. அந்தக் கதையை இன்றைக்கே தேடுகிறேன். இப்போது யோசித்தால் ‘தண்ணீர்’ எனக்கு இவ்வளவு பிடித்ததும் அது வீட்டு வேலையைத் தெருவுக்குக் கொண்டுவந்துவிடுவதால்தான். உள்ளே நடந்திருந்தால் ஒருவரும் பார்த்திருக்கமாட்டார்கள். குடத்தோடு வரிசையில் நின்றதும் தெருவே பார்க்கிறது.

தூசித்தட்டு:

இதை ஏற்றுக்கொள்கிறேன். டீச்சரம்மா வெளியே சம்பளத்துக்கு ஒரு வேலை, வீட்டில் மாமியாரிடமும் நோயாளிப் புருஷனிடமும் இன்னொரு வேலை என்று இழுபடுகிறவள். அவள்தான் ஜமுனாவைத் தூக்கி நிறுத்துகிறாள். ஓய்ந்து உட்கார்ந்தவளை எழுப்ப, ஓயவே நேரமில்லாத ஒருத்தியால்தான் முடிகிறது.

வாசல்படி:

மருத்துவமனையில் இரவு வேலை பார்க்கும் செவிலி நான். ‘ஆரோக்கிய நிகேதனம்’ பற்றி ஒன்று.

மஷாய் மரணத்தை முன்கூட்டிச் சொல்வதை எல்லோரும் அதிசயமாகப் படிக்கிறார்கள். எனக்கு அது அதிசயமாகவே படவில்லை. நிறைய நோயாளிகளைப் பார்த்த கைக்கு, காரணம் சொல்ல முடியாமல் சில விஷயங்கள் தெரியும். ‘இன்றைக்கு இவரைக் கொஞ்சம் பார்த்துக்கொள்’ என்று பணி மாறும்போது ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். நாவலில் கஷ்டமான விஷயம் அதை வாய்விட்டுச் சொல்வதா வேண்டாமா என்பது. மஷாய் சொல்லிவிடுகிறார். உண்மை என்பதால் சொல்கிறாரா, தன் வித்தையின் மேல் உள்ள கர்வத்தால் சொல்கிறாரா? தாராசங்கர் அதைக் கடைசிவரை பிரித்துக் கொடுக்கவில்லை. மகன் விஷயத்தில் மனைவி அவரை மன்னிக்காததற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பிள்ளை செத்ததைவிட, புருஷன் அதை முன்னாலேயே சொன்னதுதான் அவளுக்கு ஆறாத புண்.

இளம் டாக்டரை வில்லன் என்று படிப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி இல்லை. அவர் காப்பாற்றவும் செய்கிறார். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று மஷாய் கைவிடுகிற இடத்தில் புது மருந்தும் அறுவைச் சிகிச்சையும் வேலை செய்கின்றன. இரண்டு பேருக்கும் வேலை தெரியும், அதனால்தான் பிறகு ஒருவரை ஒருவர் மதிக்க முடிகிறது.

ஓய்வுநேர வாசகன்:

கர்வம் என்று நீங்கள் சொன்னதும் பல இடங்கள் வேறு மாதிரி தெரிகின்றன. மஷாய் கண்ணை மூடிக்கொள்வதை நான் பணிவாகவே படித்திருந்தேன்.

ஓரக்குறிப்பு:

பரிந்துரை கேட்டிருந்தீர்கள், மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004). நடுக்கடலில் புயலில் சிக்கி, மரத்தைப் பற்றிக்கொண்டு மிதக்கும் மூன்று பேரோடு தொடங்கும். மீன்பிடித் தொழிலின் பேச்சு ஆரம்பத்தில் திணறடிக்கும். பின்னால் அருஞ்சொல் பட்டியல் இருக்கிறது. ஆனால் அதைப் புரட்டாமல் படித்தால் ஐம்பது பக்கத்துக்குள் பழகிவிடும்.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972). போர்க்கதை என்றுதான் சொல்வார்கள், அதுவும் உண்மைதான். எனக்குப் பிடித்தது போருக்கு வெளியே, இந்தோனேசியாவின் மெடான் நகரில் நடக்கும் பகுதி. செட்டியார்களின் வட்டிக்கடைகள் வரிசையாக இருக்கும் மொஸ்கி ஸ்ட்ராட், மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன். யார் எங்கே உட்கார வேண்டும், யார் யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்ற ஒழுங்கு அவ்வளவு துல்லியம். ஆசிரியர் இளம் வயதில் அங்கே வேலைக்குப் போனவர். மொத்தம் இரண்டே நாவல்தான் எழுதினார்.

ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’. ‘அறம்’ தொகுப்பில் இருக்கிறது. டாக்டர் கே என்று அழைக்கப்பட்ட கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியை வைத்து எழுதியது. காட்டில் குடித்துவிட்டு வீசிய புட்டியின் உடைசல் யானையின் காலில் ஏறுவது, அதை அவர் வெட்டி எடுப்பது. அழுகிய உடலில் நெளியும் புழுக்களைப் பார்த்து அருவருப்படைகிறவனுக்கு, அவற்றையும் குழந்தைகளைப் போலக் காட்டிக்கொடுப்பது. வேலையைப் பற்றிய கதை என்று எடுத்துக்கொண்டால் தமிழில் முதல் வரிசை. கொஞ்சம் உணர்ச்சி தூக்கல், ஆனால் மன்னித்துவிடலாம்.

தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ளையும் இந்தக் கணக்கில் சேர்ப்பேன், சண்டைக்கு வராதீர்கள். பாபு–யமுனா காதலை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ரங்கண்ணாவிடம் பாட்டுப் படிக்கும் அத்தியாயங்களை மட்டும் படியுங்கள். பாடுவதற்கு முன்னால் கேட்கப் பழகு என்று அவர் சுருதியிலேயே நிறுத்திவைக்கிறார். ஜானகிராமனுக்குச் சங்கீதம் தெரியும், அதனால் ஒரு தம்புராவை மீட்டுவதே ஒரு நிகழ்ச்சி ஆகிவிடுகிறது.

அரைப்பக்கம்:

யமுனாவை ஒரு பக்கம் வைத்துவிட்டு மோகமுள்ளா? இந்த இழையை யாராவது பூட்டுங்கள் ஐயா.

முன்னட்டை:

:) வழிமொழிகிறேன்.

ஒரு கேள்வி. நாற்காலியில் உட்கார்ந்து கணினி பார்க்கும் வேலையை இப்படி யாராவது எழுதியிருக்கிறார்களா? இரா. முருகனின் ‘மூன்று விரல்’ படித்திருக்கிறேன், மென்பொருள்காரனின் கதை. விநாயக முருகனின் ‘ராஜீவ்காந்தி சாலை’யும் அந்தப் பக்கம்தான். இரண்டிலும் அந்த வாழ்க்கை வருகிறது. ஆனால் திரையில் நடக்கும் வேலை? ஒரு பிழையைத் தேடி ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பதில் லெவியின் பெயின்ட் கதைக்குக் குறையாத துப்பறியும் சுவை இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத வேலை என்பதால் எழுத வரவில்லையோ?

நடுநிசி:

நாடியும் கண்ணுக்குத் தெரியாது. தாராசங்கர் எழுதிவிட்டாரே. ஆள் அமையவில்லை, அவ்வளவுதான்.

ஓய்வுநேர வாசகன்:

நடுநிசி சொல்வதுதான் எனக்கும் படுகிறது.

வரிசை போட்டுவிட்டேன். முதலில் அம்பை, ஏனென்றால் சிறியது. அப்புறம் ‘பிறகு’. அதை முடித்துவிட்டு நடுநிசியோடு மீண்டும் சண்டைக்கு வருவேன். லெவியை ஆங்கிலத்தில் படிக்க வேண்டியிருக்கும் போல, மெதுவாகத்தான் போகும். ‘புயலிலே ஒரு தோணி’ ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது, முதல் சில பக்கங்களில் மனதுக்குள் பேசும் பேச்சு அதிகம் என்று மூடி வைத்திருந்தேன். ஓரக்குறிப்பு, அந்த மெடான் கடைவீதி எந்த இடத்தில் தொடங்குகிறது? நேரே அங்கேயிருந்து பிடிக்கலாமா?

ஓரக்குறிப்பு:

ஆரம்பத்திலிருந்தே படியுங்கள். அந்த மனப்பேச்சைத் தாவினால் பிற்பாடு கதாநாயகன் பாண்டியன் செய்வது எதுவும் ஒட்டாது. அரைப்பக்கம் சொல்வதைக் கேட்டு எதையும் தாவாதீர்கள்.